62 உசாத்துணைகளும் ஒரு கல்லும்

ஆய்வேட்டின் முதல் வரைவைத் திருப்பித் தந்தபோது என் மேற்பார்வையாளரான மடம் உள்ளே பெரிதாகக் கை வைத்திருக்கவில்லை. கடைசி ஐந்து பக்கங்களில்தான் சிவப்புப் பேனை ஓடியிருந்தது. ஆதார நூல்கள் என்று 62 உசாத்துணைகள் போட்டிருந்தேன். அதில் 40 இற்கு மேல் கேள்விக்குறி. ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டே சொல்: "இதைப் பார்த்தீரா?"

என் தலைப்பு முல்லைத்தீவு மாவட்டத்துச் சிறுகுளங்களும் அவற்றைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும். முன்னுரையில் கொஞ்சம் சரித்திரம் இருக்கட்டும் என்று நினைத்து, வெள்ளையரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கொல்லப்பட்டான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஆதாரம்: லூயிஸ், 1895. வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் எழுதிய கையேடு அது. வன்னியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அன்றைக்கு வரையில் நான் அந்த நூலின் அட்டையைக்கூடக் கண்டதில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு கட்டுரையின் அடியில் அந்தப் பெயர் இருந்தது. நானும் தூக்கிப் போட்டுவிட்டேன். பார்த்தால் படித்தவன் மாதிரி இருக்குமே!

"லூயிஸை விடும். கற்சிலைமடுவில் கல் ஒன்று இருக்கிறதெல்லோ, அதில் என்ன எழுதியிருந்தது?" என்று மடம் கேட்டார்.

கற்சிலைமடு இருக்கும் ஒட்டுசுட்டான் பக்கம் எனக்குத் தெரியாத இடமில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் "இதுதான் பண்டாரவன்னியன் கல்" என்று யாராவது சொல்வார்கள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நூலகத்தில் ஒரு பழைய நூலில் அந்தக் கல்லின் படம் கிடைத்தது. கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31 அன்று தோற்கடித்த இடம் என்றுதான் இருந்தது. தோற்கடித்த இடம். கொன்ற இடம் என்று இல்லை. நான் நம்பிய கட்டுரை தோற்கடித்ததைக் கொன்றதாக்கி, அதை லூயிஸின் தலையிலும் கட்டிவிட்டது. அதற்கு நான் ஆய்வேட்டில் முத்திரை குத்தப் பார்த்திருக்கிறேன்.

சரி, கல்லையே ஆதாரமாகப் போடலாம் என்று சந்தோஷமாகப் போனால், மடம் அதற்கும் விடவில்லை. "நீர் கல்லைப் பார்த்தீரா, படத்தைப் பார்த்தீரா?" படத்தைத்தான். "அப்ப படம் இருந்த நூலின் பெயரையும் பக்கத்தையும் போடும்." அந்த நேரம் இது வீண் கெடுபிடி என்றுதான் பட்டது. விடுதிக்குத் திரும்பி வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. என் எழுத்தைச் சரிபார்க்க வருகிறவர் நான் நின்ற இடத்தில் வந்து நிற்க வேண்டும். நான் நூலகத்தில் நின்றுகொண்டு அவரைக் கற்சிலைமடுவுக்கு அனுப்பினால் எப்படி? அதற்குப் பிறகு 62 ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, இது என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு போனேன். நூலாக வந்ததா, ஸ்கானாக வந்ததா, வேறொருவரின் அடிக்குறிப்பாக வந்ததா? முதல் இரவே 14 வெட்டுப்பட்டன. எல்லாம் அடுத்தவரின் அடிக்குறிப்பிலிருந்து களவெடுத்தவை. அவற்றில் உண்மையிலேயே தேவைப்பட்ட இரண்டை மட்டும், உள்ளே "இன்னார் காட்டியவாறு" என்று எழுதி, பட்டியலில் நான் படித்த நூலை மட்டும் போட்டேன். லூயிஸின் கையேட்டைப் பிற்பாடு தேடி எடுத்து வேறோர் அத்தியாயத்துக்கு வாசித்தேன். அது பட்டியலில் நேர்மையாகத் திரும்பி வந்தது.

இனி உசாத்துணை எழுதும் விதிமுறை. எங்களுக்குத் தந்தது போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. ஏபிஏ முறை, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை, என்று தலைப்பில் இருந்தது, எத்தனையாம் பதிப்பு என்று இல்லை. நூலுக்குப் பதிப்பித்த ஊரையும் போடச் சொன்னது அந்தத் தாள். 2019 கடைசியில் வந்த ஏழாம் பதிப்பில் அந்த ஊர்ப் பெயரை எடுத்துவிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் தடவை மூவரின் பெயரையும் எழுத வேண்டும் என்பது பழைய பதிப்பு. முதலிலிருந்தே ஒரு பெயரும் "மற்றும் பலர்" என்பதும் போதும் என்பது புதியது. என் பட்டியலில் இரண்டும் கலந்து கிடந்தன, பழைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதியதால். எதைப் பின்பற்ற என்று கேட்டேன். எதையென்றாலும் பரவாயில்லை, ஒன்றையே கடைசிவரை பின்பற்றும் என்றார். ஏழாம் பதிப்பை எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பெயர் தேடும் வேலை மிச்சம்.

மிகவும் அலைய வைத்தது பெயர்கள்தான். ஏபிஏ குடும்பப் பெயரை முன்னுக்குப் போடச் சொல்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் எழுத்து, பின்னால் வருவதுதான் ஆளின் பெயர். நல்ல காலமாக, கா. இந்திரபாலாவை "இந்திரபாலா, கா." என்று திருப்பினால் விதிக்கும் பொருந்தும், ஆளையும் கண்டுபிடிக்கலாம். கைலாசபதியும் சிவத்தம்பியும் அப்படியே. சிக்கல் சோட்டெரோவில் வந்தது. உசாத்துணைகளைச் சேர்த்து வைக்கும் இலவச மென்பொருள், நல்லதுதான். ஒரு சொடுக்கில் இணையப் பக்கத்திலிருந்து விவரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தளத்தில் தகப்பன் பெயரைப் பின்னுக்குப் போட்டு வைத்திருந்தால், பட்டியலில் தகப்பன் ஆசிரியராகி மகன் வெறும் எழுத்தாகிவிடுவார். என் பட்டியலில் அப்படி மூன்று தகப்பன்மார் இருந்தார்கள். "பேராசிரியர்", "கலாநிதி", "பண்டிதர்" எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்து அகர வரிசையையே குழப்பின. ஒரு பண்டிதரைப் பகரத்தின் கீழ் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

புனைபெயர் இன்னொரு தலையிடி. பண்டாரவன்னியனை நாடகமாக்கிய முல்லைமணியை வன்னியில் தெரியாதவர் குறைவு. சில பட்டியல்களில் அவர் முல்லைமணி, சிலவற்றில் வே. சுப்பிரமணியம். நானே இரண்டு இடத்தில் இரண்டு ஆளாக எழுதியிருந்தேன். தலைப்புப் பக்கத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதைப் போடுவது என்று முடிவெடுத்தேன்.

ஈழத்து நூல்களை ஏற்றி வைக்கும் "நூலகம்" என்ற இணையத்தளம் இல்லாவிட்டால் இந்த ஆய்வேடு இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்த புத்தகங்கள் எத்தனை இடப்பெயர்வுகளில் எங்கெங்கே விடுபட்டனவோ. 2005 இலிருந்து ஸ்கான் செய்து ஏற்றி வருகிறார்கள், எங்கள் ஊர்க் கோயில் மலர்கூட அங்கே இருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு குழியில் விழுந்தேன். பிடிஎஃப் கோப்பு 37 ஆம் பக்கம் என்று காட்டும். அச்சில் அந்தத் தாளின் கீழே 21 என்று இருக்கும். அட்டை, உள்ளட்டை, வாழ்த்துச் செய்திகள் எல்லாவற்றையும் கோப்பு எண்ணிவிடுகிறது. நான் கோப்பின் எண்ணையே எழுதி வைத்திருந்தேன், 20 நூல்களுக்கும். இரண்டு நாள் போனது திருத்த. அச்சில் உள்ள எண்தான் செல்லும், ஏனென்றால் தாள் புத்தகத்தை வைத்திருப்பவரும் அதே பக்கத்தைத் திறக்க வேண்டும். நூலின் சொந்தப் பதிப்பகத்தையும் ஆண்டையும் போட்டுவிட்டு, கடைசியில் நூலகத்தின் இணைப்பைக் கொடுத்தேன்.

அந்தக் கோயில் மலரில் ஆண்டு "பிரபவ" என்று மட்டும் இருந்தது. பிரபவ 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1927 ஆ, 1987 ஆ? தாளைப் பார்த்தால் இரண்டும் போலத்தான் இருந்தது. கடைசியில் உள்ளே ஒரு வாழ்த்துச் செய்தி காட்டிக்கொடுத்தது: கையெழுத்திட்டவர் கிராமசேவையாளர். 1963 வரை ஊரில் விதானையார்தான், கிராமசேவையாளர் கிடையாது. ஆகவே 1987. அச்சில் இல்லாமல் நானாகக் கண்டுபிடித்த ஆண்டு என்று தெரிய, சதுர அடைப்புக்குள் போட்டேன். முழு ஆய்வேட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த அடைப்புக்குறி அது.

சனத்தொகையில் வாங்கிய அடி வேறு விதம். 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு என்று ஓர் எண்ணை எழுதி, ஓர் இணையப் பக்கத்தை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். மடம் தாளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "2001 இல உங்கட ஊருக்கு ஆர் வந்து எண்ணினது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 1981 கணக்கெடுப்புக்குப் பிறகு 1991 இல் ஒன்றும் நடக்கவில்லை. 2001 இல் 25 மாவட்டங்களில் 18 இல்தான் முழுமையாக எடுத்தார்கள். அந்த 18 இல் நாங்கள் இல்லை. நாடு முழுவதற்கும் அடுத்த கணக்கெடுப்பு 2012 தான். நான் எழுதிய எண் ஒரு மதிப்பீடு. மூல அட்டவணையின் அடியில் சின்ன நட்சத்திரக் குறி போட்டு அதைச் சொல்லியும் இருந்தார்கள். அதை எடுத்துப் போட்ட இணையப் பக்கம் நட்சத்திரத்தை உதிர்த்துவிட்டது, நான் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டேன். பிறகு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணையையே ஆதாரமாக்கி, "மதிப்பீடு" என்ற சொல்லை என் வரிக்குள்ளேயே எழுதினேன்.

இணையப் பக்கங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஓர் அலுவலகத்தின் தளத்திலிருந்து எடுத்த குளப் பட்டியல் நான்கு மாதத்தில் காணாமல் போனது, தளத்தைப் புதுப்பித்தார்களாம். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பார்த்தேன், அதிர்ஷ்டத்துக்கு ஒரு பிரதி இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தை எடுத்தாலும் முதலில் அங்கே சேமித்துவிட்டுத்தான் வாசிப்பேன். பார்த்த திகதி எல்லாவற்றுக்கும் தேவையில்லை, மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் போதும் என்கிறது ஏழாம் பதிப்பு. நான் குறிப்புக் கொப்பியில் எல்லாவற்றுக்கும் எழுதி வைத்தேன். யூடியூப் காணொளிக்குப் பக்க எண்ணுக்குப் பதில் நிமிடமும் செக்கனும். டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருக்கும் ஆங்கிலக் கட்டுரைகள்தான் ஒரு தொல்லையும் தராத பிள்ளைகள்.

யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பழைய அறிக்கைகளின் பிடிஎஃப்பில் தமிழ் அழகாகத் தெரியும். தலைப்பைப் பிரதியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மாற்றியில் போட்டு யூனிகோட்டாக்கி எடுத்தேன். எடுத்தபின் கண்ணால் ஒப்பிடவும் வேண்டும்.

அறைத்தோழன் ஒருவன் இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, வன்னிக் குளங்களைப் பற்றிப் பத்து உசாத்துணைகள் வாங்கித் தந்தான். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்க எண் எல்லாம் கச்சிதம். அதில் ஏழு உசாத்துணைகளைத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் உலகத்தில் இல்லை. மற்ற மூன்றையும் தேடவில்லை, நித்திரை வந்துவிட்டது.

கடைசியாக மிஞ்சியது எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிய பகுதி. எந்த வருஷம் கட்டு உடைத்தது, துருசை (மதகை) எப்போது மாற்றினார்கள், குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்பதெல்லாம் எந்த நூலிலும் இல்லை. அம்மம்மாவின் தம்பி, எனக்குத் தாத்தா முறை, 80 ஐத் தாண்டியவர், குளக்கட்டில் உட்கார்ந்து மூன்று பின்னேரம் சொன்னார். ஏபிஏ முறையில் இப்படி நேரில் கேட்டதை உள்ளே அடைப்புக்குறியில் சொல்லலாம், உசாத்துணைப் பட்டியலில் சேர்க்க முடியாது; வாசிப்பவர் போய்த் திறந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லையே என்பது காரணம். விதி விளங்கியது, மனம் கேட்கவில்லை. நூல்களில் கிடைக்காத அத்தியாயத்தைத் தந்த மனிதர் அவர். மடத்திடம் சொன்னேன். அவரே வழியும் சொன்னார்: சம்மதம் கேட்டு ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கிப் பின்னிணைப்பாகச் சேரும், அப்போது திறந்து பார்க்கப் பக்கம் இருக்கும். இறக்க ஒரு கிழமை எடுத்தது. அவர் சொன்ன ஓர் ஆண்டு பழைய அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. இரண்டையும் எழுதி, இரண்டும் எங்கிருந்து வந்தன என்று காட்டிவிட்டேன்.

41 உசாத்துணைகளோடு ஆய்வேடு வவுனியாவில் பைண்டிங் முடிந்து வந்தது. ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குளத்தைப் பற்றிய அத்தியாயத்தைத் தாண்டி, நேரே பின்னிணைப்புக்குப் போனார். தன் பெயரில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எல்லாம் சரி மோனை," என்றார். "இனிஷல் கானா. நீ காவன்னா போட்டிருக்கிறாய்."