ஜூரிஸ்புரூடன்ஸ்: கைடு காலை வாரியது, எட்டுவழிச்சாலை கை கொடுத்தது

ஒருவழியாகச் சட்டப் படிப்பில் ஜூரிஸ்புரூடன்ஸ் (சட்டம் என்றால் என்ன என்று ஆராயும் தத்துவம்) பேப்பரைத் தாண்டியாயிற்று. ஆஸ்டின், ஹார்ட், கெல்சன் என்ற சட்டத் தத்துவ அறிஞர்கள் யார் என்பது எந்த நோட்ஸிலும் கிடைக்கும். எங்கெங்கே இடறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடறல் கைடு. சேலத்தில் ஒரு கடையில் 'புதிய பதிப்பு' என்று தள்ளிவிட்டார்கள். சட்டம் என்பது தண்டனை மிரட்டலோடு வரும் ஆணை என்பார் ஆஸ்டின். உள்ளே அந்த 'ஆணை'க்கு உதாரணம் கொலைக்கான இந்திய தண்டனைச் சட்டம் 302! 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்குப் பிரிவு 103. புதுச் சட்டத்தின் 302, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் பழைய சட்டம்தான்.

அதே கைடு செய்த பெரிய துரோகம்: 'இந்திய அரசமைப்புச் சட்டமே கிரண்ட்நார்ம்.' கிரண்ட்நார்ம் என்பது எல்லாச் சட்டங்களுக்கும் அடியில் இருக்கும் அடிப்படை நெறி. கைடு சொல்வதை அப்படியே எழுதினால் மார்க் போகும். கெல்சன் சொல்வது அரசமைப்புக்கும் பின்னால் நிற்கும் ஓர் அனுமானம்: அரசமைப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நாம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது. அது எங்கும் அச்சில் இருக்காது.

அடுத்தது வீண் அலைச்சல். ஒரு நூலகத்தில் கெசட் (அரசிதழ்) கேட்டால் 'காலேஜ் லெட்டர் இருக்கா?' லெட்டரோடு மறுபடி போனால் அந்த வருஷத்து வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. இரண்டு அரை நாள் லீவு காலி. பேர் ஆக்ட் (உரையில்லாத சட்ட வாசகம்) இந்தியா கோட் தளத்தில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில், இரண்டும் இலவசம். ஏற்காட்டுக்காரர்கள் கீழே இருக்கும்போதே பிடிஎஃப் இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது.

கோட்பாடு மண்டையில் ஏறியது சென்னை–சேலம் எட்டுவழிச்சாலை நில எடுப்பு வழக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான். 1956 தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவைப் பாருங்கள். நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதில் யாருக்கு என்ன ஆணை, மீறினால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை. ஆஸ்டினை ஹார்ட் மடக்கியது இந்த இடத்தில்தான்: அதிகாரம் தரும் விதிகள் தண்டனை மிரட்டலுக்குள் அடங்காது. இதைக் கைடில் நாலு பக்கம் படித்தும் எனக்குப் புரியவில்லை.

3ஏ(3) அறிவிப்பின் சாராம்சத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போடச் சொல்கிறது, ஒன்று வட்டார மொழியில். ஆட்சேபத்துக்கு 3சி தரும் அவகாசம் 21 நாள். வாசகப்படி அது 3ஏ(1) அறிவிப்பு, அதாவது கெசட், வெளியான தேதியிலிருந்து. நிலத்துக்காரர் கையில் கிடைப்பதோ நாளிதழ். சட்டம் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும் என்பது, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபுல்லர் சொன்ன எட்டு நெறிகளில் ஒன்று. அந்த அளவுகோலை வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தீர்ப்பு வாசிக்கும்போது தலைக்குறிப்போடு (மேலே தரும் சுருக்கம்) நிறுத்தாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டும் என்று 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 3ஏ அறிவிப்புக்கு முன்பே அது தேவையில்லை என்றது 2020 டிசம்பர் 8-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 'உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்து' என்று நானும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முழுதாகப் படித்தால், நில எடுப்பு முடியும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது தவறு என்ற பகுதி அப்படியே நிற்கிறது. பட்டா வைத்திருப்பவருக்கு அதுதானே முக்கியம்?

விடை எழுதும்போது 'இது அநியாயச் சட்டம்' என்று ஆரம்பிக்க வேண்டாம். சட்டப்படி செல்லுமா என்பதை முதலில் பிரிவு எண்ணோடு முடித்துவிட்டு, பிறகு ஃபுல்லரைக் கூப்பிடுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பிய மாடல் தேர்வில் எனக்கு விழுந்தது பாதி மார்க்.