ராணுவக் கொள்முதல்: ஒரு விமானத்தைப் பிடித்துக்கொண்டு படித்தது

யூபிஎஸ்சி குடிமைப் பணி மெயின்ஸ் தேர்வில் பாதுகாப்புத் துறை என்றாலே ஏவுகணைப் பெயர், பாயும் தூரம் என்று மனப்பாடம் செய்பவர்கள்தான் அதிகம், முதல் முறை நானும் அப்படித்தான் படித்தேன். மாதிரித் தேர்வில் ஆயுதக் கொள்முதல் ஏன் இழுக்கிறது என்று கேட்டிருந்தார்கள். பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் கொடுத்தால் வாங்கியாயிற்று என்கிற நினைப்பில் எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது.

பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான அந்தக் கவுன்சில் முதலில் சொல்வது 'இது தேவைதான்' என்பதை மட்டுமே. 'இத்தனை கோடிக்கு ஆயுதம் வாங்க ஒப்புதல்' என்று வரும் தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். அப்புறம் டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை, விலைப் பேச்சு, தொகை பெரிதென்றால் நிதி அமைச்சகம், பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, இத்தனையும் தாண்டித்தான் கையெழுத்து.

இரண்டாம் முறை பிரான்ஸின் ரஃபேல் போர் விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். 2007 ஆகஸ்டில் 126 விமானங்களுக்கு டெண்டர், ஆறு போட்டியாளர்கள், பெங்களூர், ஜெய்சல்மேர் பாலைவனம், லே குளிர் என்று சோதனை. 2011-இல் இரண்டே மிஞ்சின, 2012 ஜனவரியில் ரஃபேல் குறைந்த விலை என்று தேர்வானது. அதோடு முடியவில்லை. 126-இல் 108 விமானங்களை இங்கே அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் செய்ய வேண்டும், அவற்றின் தரத்துக்கு யார் பொறுப்பு என்பதிலும் விலையிலும் பேச்சு நின்றுபோய், 2015 ஏப்ரலில் 36 விமானங்களை நேரடியாக வாங்குவதாக அறிவித்து, 2016 செப்டம்பரில் இந்திய, பிரான்ஸ் அரசுகள் கையெழுத்திட்டு, முதல் ஐந்து அம்பாலா விமானப்படைத் தளத்தில் இறங்கியபோது 2020 ஜூலை. தொழில்நுட்பப் பரிமாற்றம், குறைந்த விலை விதி, சிஏஜி (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை எல்லாம் இந்த ஒரே கதையில் கிடைத்துவிடும்.

பணத்தைத் தயவுசெய்து தனியாகப் படியுங்கள், பலர் விடுவது இதைத்தான். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, அதில் படைகளின் மூலதனச் செலவுக்கு, அதாவது ஆயுதம், தளவாடம் வாங்குவது போன்றவற்றுக்கு, 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியத்துக்கே சுமார் 1.60 லட்சம் கோடி. மூலதனப் பணத்திலும் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களின் தவணைக்குப் போய்விடும், புதிதாக வாங்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ரஃபேல் முடிந்ததும் ரஷ்யாவிடம் வாங்கிய விக்ரமாதித்யா விமானம் தாங்கிக் கப்பலை எடுங்கள். 2004-இல் சுமார் 97 கோடி டாலருக்குப் பேசியது 230 கோடி டாலரைத் தாண்டி, 2013 நவம்பரில்தான் கைக்கு வந்தது.