சமத்தில் வந்து சேருங்கோ

என்னோடு படித்தவர்கள் தொலைபேசியில் அகப்பட்டால் இன்றும் முதலில் எடுப்பது அந்தப் பரிசளிப்பு விழாக் கதையைத்தான். பேச்சுப் போட்டியில் முதலிடம் வந்தவன் மேடையேறி, "பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கி, யார் பெருமதிப்புக்குரியவர் என்பதே மறந்து நின்ற கதை. அவர்களுக்குச் சிரிப்பு அதோடு முடிந்துவிடும். நான் அதற்குப் பிறகு வகுப்பில் எழுந்து பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். விடை தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். "பயப்படாதை" என்று சொல்லாத ஆளில்லை. அப்படிச் சொல்லிப் பயம் போன ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

சங்கீத ரீச்சர் அதைச் சொல்லவில்லை. ஒருநாள் வழியில் மறித்து, "உம்முடைய குரல் கீழே நல்லா நிக்குது. குழுப்பாட்டுக்கு ஆள் காணாது, வாரும்" என்றார். அவ்வளவுதான். என் சபைக்கூச்சம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆள் தேவை என்பதால் போனேன்.

இரண்டாம் வரிசையில், நல்ல சாரீரமுள்ள இரண்டு அண்ணாமாருக்கு நடுவில் நிறுத்தினார். ஆரம்பத்தில் வாயை மட்டும் அசைத்தேன். ரீச்சருக்குத் தெரியாமல் இருந்திருக்காது, கண்டுகொள்ளவில்லை. எடுத்தவுடன் பாட்டும் கிடையாது. சுருதிப்பெட்டியை வைத்துவிட்டு, உதட்டை மூடி 'ம்' என்று ஆதார ஷட்ஜத்தில், அதாவது அடிப்படைச் சுரமான 'ஸ'வில், நிற்கவேண்டும். பிறகு ஆரம்பச் சுரப் பயிற்சியான சரளி வரிசை, சுரப்பெயர் சொல்லாமல் 'ஆ' என்று அகாரத்தில், மூன்று காலமும், அதாவது மூன்று வேகத்திலும். மெதுவாகப் போகும் முதலாம் காலத்தில்தான் மூச்சு முட்டும்.

நீளமாக ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது ரீச்சர் சொல்லும் விதி ஒன்று உண்டு: "மூச்சு முடிஞ்சா விட்டிட்டு எடுங்கோ. ஆனா பக்கத்தில நிக்கிறவர் எடுக்கேக்கை எடுக்காதேங்கோ." ஆளுக்கொரு நேரத்தில் மூச்சு எடுத்தால் கேட்பவருக்கு ஒலி அறுவதே தெரியாது. எல்லாக் குழுப்பாடகருக்கும் தெரிந்த சாதாரண உத்திதான். ஆனால் மேடையில் வாயடைத்து நின்றவனுக்கு அது வேறுமாதிரி இருந்தது. நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்கவில்லை. மூச்சை எடுத்து, குரலை மெல்லத் தாழ்த்தி உள்ளே நுழைந்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம். திரும்பி வருவதற்கு இடம் இருந்தது.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. குரல் மூச்சில் நிற்பது. மூச்சு ஆடினால் அதுவும் ஆடும். அந்த நடுக்கம் நம் காதிலேயே விழ, பயம் இன்னும் கூடும். நீண்ட சங்கதியைப் பாடும்போது மூச்சை மெதுவாக வெளியே விட்டே ஆகவேண்டும். படபடப்பும் கொஞ்சம் இறங்கும். சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடியவர்களின் இதயத் துடிப்பு பாட்டின் மூச்சுக்கு ஏற்ப ஒன்றாகவே கூடிக் குறைந்ததாகச் சொல்கிறார்கள். ரீச்சர் இதையெல்லாம் படித்திருக்கமாட்டார். செய்துவிட்டார்.

அவருடைய உண்மையான வித்தை அப்புறம்தான் வந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே கையைக் காட்டி ஒரு பக்கத்தை நிறுத்துவார். பிறகு பின்வரிசையை. ஒருநாள் என் இரண்டு பக்கமும் அடங்கிவிட்டது. தொண்டை இறுகியது உண்மை. ஆனால் அது ஆதிதாளம். ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, எட்டு எண்ணிக்கை. அந்த எட்டையும் தாண்டினால், அடுத்த சுற்றுத் தொடங்கும் சமத்தில் அவருடைய கை எல்லோரையும் திரும்பக் கொண்டுவரும். கூட்டத்தையோ முகங்களையோ நான் பார்க்கவில்லை. விரல் எண்ணுவதைத்தான் பார்த்தேன். எட்டு வந்தது, அண்ணாமாரும் வந்தார்கள். அடுத்தடுத்த வகுப்புகளில் அது இரண்டு ஆவர்த்தனமாகி, ஒரு சரணமாகியது.

பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்னால் இருத்திப் பாடவைத்தார், பிறகு ஆசிரியர்கள், பிறகு மண்டபம். மண்டபத்தில் முழங்கால் நடுங்கியது; வேட்டி மறைத்துவிட்டது. பயம் முற்றாகப் போய்விட்டது என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். செலோ வாத்திய மேதை பப்லோ கசல்ஸே மேடைப் பதற்றம் வாழ்நாள் முழுவதும் தன்னை விடவில்லை என்று சொல்லியிருக்கிறார்; நான் எந்த மூலைக்கு! இன்றும் வேலையிடத்தில் பலர் முன் பேசவேண்டி வந்தால், படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி உதட்டை மூடிக்கொண்டு 'ம்' பிடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இதை மலரில் எழுத ஒரு காரணம் உண்டு. நம்முடைய கலைமாலைகளில் பிள்ளைகளை எடுத்தவுடன் தனிப்பாடலுக்கே ஏற்றிவிடுகிறோம். குழுப்பாடலென்றால் பெற்றோருக்கும் அவ்வளவு விருப்பமில்லை. பிள்ளை வீடியோவில் தனியாகத் தெரியாதே. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இரண்டாம் வரிசையில் ஓர் இடம் வேண்டும், பக்கத்தில் இரண்டு பலத்த குரல்கள் வேண்டும். அடுத்த விழாவில் குழுப்பாடலுக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லிச் செயற்குழுவிடம் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லையாம். சரி, பேச்சாளர்களில் ஒருவரைக் குறைக்கலாம் என்றேன். பதில் இன்னும் வரவில்லை.