லெட்டர் பாக்ஸ்ல அப்பா பேரு

ஜெர்மனி வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, டோர்ட்முண்ட்ல இருக்கேன், சொந்த ஊரு திண்டுக்கல். இப்ப நல்லா சந்தோஷமா இருக்கேன், ஆனா முதல் ரெண்டு மாசம் அப்படி இல்ல. கிளம்பும்போது குளிருக்கும் பாஷைக்கும் தான் பயந்தேன், கடைசியில என்னைய அழ வச்சது வாசல்ல இருந்த ஒரு தகரப் பெட்டி.

இங்க வீட்டுக்குக் குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங் பண்ணணும், அதாவது நான் இந்த அட்ரஸ்ல இருக்கேன்னு நகராட்சி ஆபீஸ்ல போயி பதிஞ்சுக்கணும். ஹவுஸ் ஓனர் கையெழுத்து போட்ட பேப்பர் ஒண்ணு வேணும், அதோட பேரு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங், சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுதான் பெரும்பாடு, காலையில எந்திரிச்ச உடனே சைட்ட ரீஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்து, யாரோ கேன்சல் பண்ண இடம் ஒண்ணு 12வது நாள் எனக்கு மாட்டுச்சு. உள்ள போனா பத்தே நிமிஷம். வரி நம்பர், 11 இலக்கம், தபால்ல வரும்னாங்க.

வரல. மூணு வாரம் ஆச்சு, பேங்க் கார்டும் வரல, அதோட பின் நம்பர் தனி லெட்டர்ல வரணும், அதுவும் வரல. வரி நம்பர் குடுக்கலன்னா கம்பெனில வரி வகுப்பு 6ல போட்டு பிடிச்சிருவாங்க, இருக்கறதுலயே அதிகமா பிடிக்கிறது அதுதான். முதல் மாச சம்பள சீட்ட பாத்தா பாதிக்குப் பக்கம் காணோம். வெளிய நவம்பர் மாசம், நாலரை மணிக்கே இருட்டு, ஊருக்கே திரும்பிப் போயிரலாமான்னு பஸ் ஸ்டாப்ல நின்னு அழுதேன்.

அந்த வாரம் ஒரு இலங்கைத் தமிழர் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கல்லால இருந்த அக்கா முகத்தப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "பிள்ளை, பெட்டியில பேர் ஒட்டினனீங்களோ?" நான் முழிச்சேன். "இஞ்ச வீட்டு நம்பர் எல்லாம் பாக்க மாட்டினம். பேர் இல்லாட்டி கடிதம் திரும்பிப் போயிடும்."

அட! நம்ம ஊர்ல ஃபிளாட் நம்பர் போதும், இங்க ஒரு பில்டிங்ல எட்டு வீடு இருந்தாலும் பெட்டியிலயும் காலிங் பெல்லுலயும் இருக்கற பேரு தான் அடையாளம். என் பெட்டியில எனக்கு முன்னாடி இருந்தவரு பேரு அப்படியே கெடந்துச்சு. இத எவனும் எனக்கு சொல்லல, ஏன்னா அவங்களுக்கு அது சொல்லணும்னே தோணாத விஷயம். அன்னைக்கு ராத்திரியே பேப்பர்ல எழுதி டேப் போட்டு ஒட்டினேன், வரி நம்பருக்கு திரும்ப விண்ணப்பம் போட்டேன் (அதுவும் தபால்ல தான் வரும்). அப்புறம் பாருங்க, லெட்டரா வந்து கொட்டுச்சு, இன்சூரன்ஸ் கார்டு, பேங்க் கார்டு, வரி நம்பர், எங்கிட்ட டிவியே இல்ல ஆனா வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டுன்னு ஒண்ணு. அதிகமா பிடிச்ச வரியும் அப்புறம் சம்பளத்துல திரும்பி வந்துருச்சு.

இதுல தமாஷ் என்னன்னா, பாஸ்போர்ட்ல சர்நேம் இருக்கற எடத்துல அப்பா பேரு, அதனால பெட்டியிலயும் அப்பா பேருதான். பில்டிங்ல, ஆபீஸ்ல, டாக்டர்கிட்ட எல்லாம் 'ஃப்ராவ்'னு (நம்ம 'திருமதி' மாதிரி) சொல்லி பின்னாடி அப்பா பேரச் சொல்லித்தான் என்னைய கூப்பிடுவாங்க. மொதல்ல அப்பா பின்னாடி நிக்கிறாரோன்னு திரும்பிப் பாப்பேன். கீழ்வீட்டுப் பாட்டி, நான் ஞாயித்துக்கிழமை காலி பாட்டில தொட்டியில போட்டப்ப ஜன்னல் வழியா அதே பேரச் சொல்லி சத்தம் போட்டாங்க, ஞாயித்துக்கிழமை கண்ணாடி ஒடையிற சத்தம் கேக்கக் கூடாதாம். அதே பாட்டி தான் நான் வேலையில இருக்கும்போது என் பார்சல் எல்லாம் வாங்கி வைக்கிறாங்க, நான் பொங்கலுக்கு வெண்பொங்கல் குடுத்தேன், கிண்ணத்துல பிளம் கேக் போட்டு திருப்பிக் குடுத்தாங்க. வெறுங்கிண்ணமா குடுக்கக் கூடாதுங்கறது இங்கயும் இருக்கு போல.

கோடையில பக்கத்துல ஹம்ங்கற ஊர்ல இருக்கற காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன், 2002ல கும்பாபிஷேகம் ஆன கோயில், சுத்தி தொழிற்சாலைப் பகுதி, நடுவுல நம்ம ராஜகோபுரம். கடைக்கார அக்காவும் வந்திருந்தாங்க. "இப்ப கடிதம் வருதோ?"ன்னு சிரிச்சாங்க.

போன மாசம் வீடியோ கால்ல அப்பாவுக்கு வாசலக் காட்டினேன். பெட்டியில அவரு பேரப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நல்லா உத்துப் பாத்துட்டு, "ஏம்மா, இனிஷியல் விட்டுட்டியே"ன்னாரு. அவரோட இனிஷியல் எங்க தாத்தாவோடது. மறுநாள் புது பேப்பர்ல அதையும் சேத்து எழுதி ஒட்டிட்டேன், போஸ்ட்மேன் ஒண்ணும் சொல்லல.