பழைய இரும்புக் கடைக்காரர் வாங்காத ஷூ

சென்ற மாதம் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது சேர்ந்த பொருள்களைத் தெருமுனையிலுள்ள பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் சென்றேன். செய்தித்தாள், உடைந்த வாளி, துருப்பிடித்த அடுப்பு எல்லாவற்றையும் எடை போட்டுக்கொண்டவர், மூன்று ஜோடி தேய்ந்த ஷூக்களை மட்டும் "இது போகாதுங்க" என்று ஒதுக்கிவிட்டார். ஒரு கிலோ பழைய ஷூவுக்கு விலை இல்லை என்பது என்னை உறுத்தியது.

தோல், துணி, நுரை, ரப்பர், நூல், கயிற்றுத் துளைகளைச் சுற்றிய உலோக வளையங்கள், பல தோல் ஷூக்களில் பாதம் வளையும் இடத்தைத் தாங்கும் எஃகுத் தகடு என எத்தனையோ பொருள்களைச் சேர்த்து, மழைக்கும் வெயிலுக்கும் விட்டுப்போகாதபடி பசையிட்டு ஒட்டியதுதான் ஒரு ஷூ. உழைப்பதற்காகக் கொடுத்த அந்த உறுதியே பின்னர் பிரிப்பதற்குத் தடையாகிறது. கையால் பிரித்தால், கிடைக்கும் ரப்பரின் மதிப்பைவிடக் கூலி அதிகமாகிவிடும். எரித்துவிடலாம் என்றால், குரோமியத்தால் பதனிட்ட தோல் எரியும்போது குரோமியத்தின் நச்சுத்தன்மை மிகுந்த வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் உருவாகக்கூடும்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஷாகின் ரஹிமிஃபார்ட் தலைமையிலான குழு, ஏறத்தாழப் பத்தாண்டு ஆய்வுக்குப் பின் 2013இல் அறிவித்த முறை இந்தக் கணக்கைத்தான் எதிர்கொண்டது. ஷூக்களை வகை பிரித்து, உலோகத்தை அகற்றி, சிறு துணுக்குகளாக அரைத்து, காற்றோட்டத்தில் விட்டால், நம் களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் விலகுவதைப்போல, இலேசான நுரை ஒருபுறமும் கனத்த ரப்பர் மறுபுறமும் பிரிகின்றன. அவை தரைவிரிப்பின் அடிப்பரப்புக்கும் விளையாட்டுத் தளங்களுக்கும் பயன்படும். துணுக்குகள் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு விலை கிடைக்கும். ரப்பரில் தோல் கலந்துவிட்டால் வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார். ஆய்வுக் குழுவினரை மிகவும் தொல்லைப்படுத்தியவற்றில் ஒன்று, வெளியே தெரியாமல் உள்ளே புதைந்திருக்கும் உலோகம்.

நைக்கி நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்தே பழைய விளையாட்டு ஷூக்களைச் சேகரித்து அரைத்து வருகிறது. ஆனால் உலோகம் உள்ளவற்றை அது ஏற்பதில்லை. ஆகவே மறுசுழற்சிச் செலவின் பெரும்பகுதியை ஷூவை வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார், அந்தச் செலவில் ஒரு பங்கை அவரே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரான்சில் 2007 முதல் துணிகளோடு காலணிகளுக்கும், கழிவுச் செலவை உற்பத்தியாளரே ஏற்கும் அத்தகைய பொறுப்பு உண்டு. இந்தியாவில் 2022இல் பழைய டயர்களுக்கு அதை விதித்திருக்கிறோம். காலணிக்கும் விதித்தால், சேகரிக்கும் செலவுக்கு ஒரு வழி பிறக்கும், கடைக்காரரும் ஒரு விலை சொல்வார்.

திரும்பி வந்த மூன்று ஜோடிகளில் ஒன்றை, சோல் தையல் போட்டது என்பதால், பேருந்து நிறுத்தத்தருகே செருப்புத் தைப்பவர் பிரித்து, புது சோல் வைத்துத் தைத்துக் கொடுத்தார். மற்ற இரண்டும் ஒரே வார்ப்பாக ஒட்டியவை. அவை இன்னும் சாக்குப் பைக்குள்ளேயே இருக்கின்றன.