மீட்டரில் 12.6 இருந்தது

சிங்கப்பூரில் மரினா (உல்லாசப் படகுத்துறை) வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, 1980-களில் கட்டிய ஒரு மோட்டார் யாட் என் தலையில் விழுந்தது. இரண்டு டீசல் இன்ஜின், கீழே ஒரு ஸ்டியரிங், மேல்தளத்தில் இன்னொன்று. கிளம்பும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு மணி நேரம் ஓடி புலாவ் ஹந்து தீவுப் பக்கம் போனதும் இடது இன்ஜின் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கும், பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும்.

டீசல் இன்ஜின் நின்றால் எல்லோரும் முதலில் டீசலைத்தான் சந்தேகப்படுவார்கள். ஃபில்டர் மாற்றினோம், டேங்கின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தோம், ஒன்றுமில்லை. பிறகுதான் ஸ்டாப் சொலினாய்டு, அதாவது இன்ஜினுக்குப் போகும் டீசலைத் திறந்து மூடும் மின்காந்தம், நினைவுக்கு வந்தது. அதில் இரண்டு வகை. ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்தால் இன்ஜின் நிற்கும். மற்றதற்குக் கரண்ட் இருக்கும்வரைதான் இன்ஜின் ஓடும். முதல் வகையில் ஒயர் விட்டுப்போனால் இன்ஜினை அணைக்க முடியாமல் திண்டாட வேண்டும், இரண்டாவதில் நடுக்கடலில் நிற்க வேண்டும். இது இரண்டாவது.

கரையில் வைத்து, சாவியை மட்டும் போட்டு, சொலினாய்டு ஒயரைக் கழற்றி முனையில் மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட், பேட்டரியிலும் அதேதான். சரி, ஒயரிங் நன்றாக இருக்கிறது, சொலினாய்டுதான் போயிற்று என்று முடிவு கட்டி உரிமையாளரைப் புதிது வாங்க வைத்தேன், விலை கொஞ்சநஞ்சமில்லை. மாட்டிய மறுநாளே அதே இடத்தில் நின்றது.

அப்புறம்தான் எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக், மலேசியத் தமிழர், ஒரு கார் பிரேக் பல்போடு வந்தார். 21 வாட், இரண்டு ஒயர் பற்றவைத்தது, அவ்வளவுதான். "தம்பி, மீட்டர் கரண்டே எடுக்காது, அதுக்கு எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான். இதை மாட்டிட்டு அளந்து பாரு" என்றார். சொலினாய்டுக்குப் பதில் ஒயர் முனையில் மாட்டியதும் பல்பு மங்கலாக எரிந்தது, மீட்டர் 8-க்கு இறங்கியது.

பல்பு எரிய எரிய ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்துக்கொண்டே வந்தோம். இன்ஜின் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) பிளக்கில், ஒரே ஒரு பின்னில், 4 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. கழற்றினால் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. சொலினாய்டு ஒயருக்குக் கரண்ட் அந்த ஒரு பின் வழியாகத்தான்! ஒயரைச் சீவினேன், வெள்ளீயம் பூசாத செம்பு, கரி மாதிரி கறுத்திருந்தது; ஒரு சாண் வெட்டியும் உள்ளே கறுப்புதான்.

ஸ்டார்ட் ஆவதில் மட்டும் ஏன் சிக்கல் வரவில்லை என்று கேட்டேன். சொலினாய்டுக்குள் இரண்டு காயில் (கம்பிச் சுருள்) உண்டு என்றார். இழுக்கும் காயிலுக்கு 30 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது ஸ்டார்ட்டர் பக்கமிருந்து தனியாக வருகிறது. பிடித்துவைக்கும் காயிலுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் போதும், அதுதான் இந்தப் பிளக் வழி. பிளக் சூடேற ஏற வோல்ட்டேஜ் இறங்கும், காயில் பிடியை விட்டுவிடும்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக ஒரு ஒயர், இன்ஜின் அருகே ஒரு ரிலே (சிறு கரண்டில் இயங்கும் சுவிட்ச்). சாவி ரிலேயை மட்டும் இயக்கினால் போதும் என்று மாற்றினோம். அந்த வேலைக்கு நான் கூலி கேட்கவில்லை, பழைய சொலினாய்டு ஸ்பேர் பெட்டிக்குப் போனது. வலது இன்ஜின் பிளக்கையும் கழற்றிப் பார்த்தோம், அங்கேயும் அதே பின் லேசாகப் பழுப்பேறியிருந்தது.