சமுதாயக் கூடத்துச் சுவர்

ஜனவரி 3
ஊர்த் திடலில் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்துவந்த மாஸ்டரைத் தஞ்சாவூர் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கால்பந்தாட்டக்காரர்களின் படங்களையும் பெயர்களையும் வைக்கப்போகும் கூடத்துச் சுவருக்கு இன்னும் வெள்ளைகூட அடிக்கவில்லை.

ஜனவரி 5
கூட்டம் இரவு வெகுநேரம் நீண்டது. மாநில அணிக்கு ஆடியவர்களுக்கு மட்டுமே சுவரில் இடம், பயிற்சி கொடுத்தவர்களைச் சேர்த்தால் பட்டியல் முடியவே முடியாது என்று ஒரு தரப்பினர் பிடிவாதமாக நிற்கிறார்கள். சைமன் சுந்தரராஜ் படத்தை முதலில் மாட்டுவதில் மட்டும் ஒருவருக்கும் மறுப்பில்லை. தஞ்சாவூரில் பிறந்த அவர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அடித்த கோலுக்குப் பிறகு, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்றுவரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. அதே மனிதர்தான் பயிற்சியாளராக இருந்து 1973இல் கேரளத்துக்கு, மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை முதல்முறையாக வாங்கித் தந்தார் என்று நான் எழுந்து சொன்னேன். பதில் வரவில்லை.

ரோமில் ஆடிய இந்திய அணியை உருவாக்கிய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டே புற்றுநோயால் காலமானவர் அவர். மாஸ்டரின் மகன் எதிர் நாற்காலியில் இருந்ததால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜனவரி 8
நேற்றைய மழையில் மேற்குச் சுவர் முழுவதும் ஓதம் ஏறியிருக்கிறது.

ஜனவரி 11
மாஸ்டர் வீட்டுப் பரணிலிருந்து வருகைப் பதிவு நோட்டுகளை அவருடைய மனைவி எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுகள். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும் நீல மை அழியவில்லை. வராத பையன்களின் பெயருக்கு நேரே வெறும் பெருக்கல் குறி போட்டு நிறுத்தாமல், "நாற்றுப் பறி", "முறைத்தண்ணீர் காவல்", "அறுப்பு", "சட்டை இல்லை" என்று காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். "சட்டை இல்லை" என்ற பையனின் பெயருக்கு நேரே மறுவாரத்திலிருந்து தொடர்ந்து வருகை பதிவாகியிருப்பதைப் பார்த்தபோது, அந்தச் சட்டை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சியாளருக்கு இடமில்லை என்பவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

ஜனவரி 12
சுவரில் பெயர் எழுத வந்த ஓவியர், மாஸ்டர் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் கோடு போட்டு இடம் விடவா என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை, எல்லாப் பலகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்குத்தான் இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். திடலில் நடந்த போட்டிக்குச் சுற்று வட்டாரமே திரண்டு வந்தது. இடைவேளையில் ஆடிக் காட்டிய பெண் பிள்ளைகளின் ஆட்டத்தை ஒருவரும் எழுந்து போகாமல் பார்த்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாணவிகளின் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் குழுவின் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையைத் தூக்கியது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூரில் பிறந்த இந்துமதி இந்திய அணிக்கே ஆடினார். அப்படியிருக்க, நம் ஊர்ப் பெண்களின் பெயரைச் சுவரில் எழுத இவர்களுக்கு என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 19
மருத்துவமனைக்குச் சென்றேன். மாஸ்டருக்குப் பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருக்கிறது. சுவரைப் பற்றிச் சொன்னதும், திடலில் நெல் மூட்டை அடுக்கத் தொடங்கிவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டார். கொள்முதல் நிலையத்துக்குத் தெற்குப் பக்கத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஆடுவதற்கு வடக்குக் கோல் கம்பத்தை விடச் சொல்லுங்கள் தம்பி என்று இரண்டு முறை சொன்னார். அறுவடை முடியும்வரை பயிற்சியை நிறுத்தக் கூடாதாம்.

ஜனவரி 20
தலைவரிடம் பேசிவிட்டேன். வடக்குப் பக்கத்தை விடச் சம்மதித்தார்.

ஜனவரி 23
பயிற்சியாளர்களையும் பெண்களையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள், போகட்டும். உயிரோடு இருப்பவர் எவருக்கும் பிறந்த ஆண்டு வேண்டாம், திடலில் ஆடிய, பயிற்சி கொடுத்த ஆண்டுகளை மட்டும் எழுதினால் போதும் என்று ஓவியரிடம் சொல்லியிருக்கிறேன். குடியரசு தினத்தன்று திறப்பு. மாஸ்டரை அழைத்துவர வண்டி வேண்டும். மருத்துவர் அனுமதிப்பாரா என்று அவருடைய மகன் நாளைக் காலை கேட்டுச் சொல்கிறார்.